கை நனைக்காமல் சாப்பிட ஒரு கடை

கும்மிடிப்பூண்டியில் சுஷிக் கடை இருந்தது என்று சொன்னால் சென்னைத் தோழிகள் இன்னும் நம்புவதில்லை. சத்தியமாக இருந்தது. தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்கும் கிரில் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில், ஒரு காம்ப்ளெக்ஸின் முதல் மாடியில் ஒன்றரை வருடம் ஓடியது. வாசலில் சிவப்புக் காகித விளக்கு ஒன்று தொங்கும். பட்டறைப் புகையில் ஒரே மாதத்தில் அது கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வந்துபோகும் ஜப்பான் இன்ஜினியர்களை நம்பித் திறந்த கடை. அவர்களோ மதியம் கேன்டீன் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் காரில் சென்னைக்குத் திரும்பிவிடுவார்கள். யாருக்காகத் திறந்தார்களோ அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் ஒருமுறை அங்கே போய் ஏமாந்துவிட்டு வந்தோம்.

நான் ஏமாந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தனியாக ஏமாந்திருந்தால் மறந்திருப்பேன். கூட ஆறு பேரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அதில் நான்கு பேர் என்னைப் பெண் கேட்க வந்தவர்கள்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. நான் கட்டிக்கொள்ள நினைத்தவன் அங்கேயே மெயின்டெனன்ஸில் இருந்தான். நான்கு வருடப் பழக்கம். அவனுக்குப் பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல் விளையும் நிலம், இரண்டு கிணறு, டிராக்டர். எங்களுக்குக் கவரைப்பேட்டைக்கு உள்ளே தள்ளி, ஊருக்கு வெளியே காலனியில் வீடு. என் தாத்தா அவன் வீட்டாரைப் போன்றவர்களின் நிலத்தில் நாற்று நட்டவர். அப்பா இரும்பு உருக்கும் ஆலையில் சேர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அடுத்தவர் வயலில் இறங்குவது நின்றது. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்கள் அம்மன் கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறவர்கள். மீதியை நான் விளக்க வேண்டியதில்லை.

அவன் வீட்டார் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்திருந்தார்கள். அவன் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான தாய்மாமன். மாமனுக்கு ஆர்.கே.பேட்டையில் உரக்கடை. அந்தக் குடும்பத்தில் வழக்கம் என்று எது உண்டோ அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. என் அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து உளுந்து ஆட்டி, வடை சுட்டு, கேசரி கிண்டி, புதுத் தட்டுகளில் வைத்தாள். மாமன் இரண்டு கையையும் கூப்பினார். பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைப்பது தங்கள் வழக்கம் இல்லை, தப்பாக நினைக்கக் கூடாது என்றார்.

இதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. சம்பந்தம் உறுதியாகும்வரை அந்த வீட்டில் சோறு சாப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்திலும் உள்ளதுதான். சாப்பிட்டுவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. ஆனால் அந்தச் சட்டம் சோற்றுக்கு மட்டும். வடைக்குக் கிடையாது, காபிக்குக் கிடையாது. சித்திரை மாத வெயிலில் ஒரு சொம்புத் தண்ணீருக்கு நிச்சயமாகக் கிடையாது. அரை மணி நேரம் கழித்து அவன் அப்பாவுக்கு விக்கல் எடுத்தபோது மாமன் ஓடிப்போய் காரிலிருந்து பாட்டில் தண்ணீர் எடுத்து வந்தார். அம்மா நீட்டிய சொம்பு அவள் கையிலேயே இருந்தது.

அவர்கள் போன பிறகு அம்மா வடைத் தட்டை மூடி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"நம்ம ஊட்டுத் தண்ணிய குடிக்காதவங்க ஊட்ல நீ இன்னான்னு போயி சோறாக்கிப் போடுவ? அந்தம்மா என் எதிர்ல ஒரு வாய் துன்னட்டும். அப்பறம் பாக்கலாம். இல்லன்னா நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

அம்மா சரி என்று சொல்லாமல் நான் எதையும் செய்கிறவள் இல்லை. மறுநாள் கம்பெனியில் அவனைப் பிடித்துக்கொண்டேன். வழக்கம் என்றான். உன் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஓடாத கம்ப்ரசரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பஜ்ஜி சாப்பிட்டோம் என்றான். எத்தனை என்று கேட்டேன். தான் நான்கு, மாமா ஆறு என்றான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் அவனைப் பிடித்தது, அதனால்தான் அன்று அவனை அடிக்கவும் தோன்றியது.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். எங்கள் வீடும் வேண்டாம், அவர்கள் வீடும் வேண்டாம், பொதுவாக ஒரு ஓட்டல். அவன் வீட்டில் போய்ச் சொன்னான். மாமன் ஒவ்வொன்றாகத் தள்ளினார். மீல்ஸ் ஓட்டல் ஆகாது; பெண் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட்டால் எங்கே சாப்பிட்டாலும் சோறு சோறுதான். பிரியாணியும் அதே கணக்கு. டிபன் ஓட்டலில் மதியத்தில் என்ன கிடைக்கும்? ஆக, மதியச் சாப்பாடாக இருக்க வேண்டும், அதில் சோறு இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் இப்படி ஒரு கடையைத் தேடச் சொன்னால் யாருக்கும் பேஜாராகத்தான் இருக்கும்.

அப்போதுதான் எனக்கு அந்தக் காகித விளக்கு ஞாபகம் வந்தது. ஜப்பான்காரர்கள் மீனைப் பச்சையாக வெட்டிச் சாப்பிடுவார்கள், அதற்குப் பெயர்தான் சுஷி என்று எனக்குத் தெரியும். சோறு கிடையாது. மாமனின் சட்டமும் நிற்கும், அம்மா எதிரில் அவன் அம்மா ஒரு வாய் சாப்பிட்டதாகவும் ஆகும். இரண்டு பக்கமும் அறியாத சாப்பாடு. இரண்டு பக்கமும் சமமாக முழிக்கட்டும் என்று கணக்குப் போட்டேன். மாமன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, வெறும் மீன் என்றால் நாஷ்டா மாதிரிதான், சாப்பாட்டில் சேராது, போகலாம் என்று உத்தரவு கொடுத்தார். நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சாம்பிளைக் கண்ணால் பார்க்காமல் எதற்கும் ஓகே போடக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பே எடுக்கிறவள். சுஷியை மட்டும் நான் பார்க்கவில்லை.

சர்ச் முடிந்து நாங்கள் மூன்று பேரும் அப்படியே போய்ச் சேர்ந்தோம். அவர்கள் நான்கு பேரும் காரில் வந்தார்கள். அவன் அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். பச்சை மீன் சாப்பிட மனதைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. கைப்பையில் ஒரு பாட்டில் ஓமத் தண்ணீர் வேறு இருந்ததாம்; அதை அவன் பிறகு சொன்னான்.

கதவைத் திறந்ததும் மூன்று பேர் ஜப்பான் மொழியில் ஒரே குரலில் கத்தினார்கள். வரவேற்பாம். என் அப்பா உள்ளே ஏதோ விபத்து என்று நினைத்துப் படியில் இரண்டு அடி பின்வாங்கினார். பரிமாறும் பெண் சுடிதாருக்கு மேல் பூப்போட்ட ஜப்பான் அங்கி போட்டிருந்தாள். ஊத்துக்கோட்டைப் பெண். பெல்ட்டுக்கு இடையில் கைபேசியைச் செருகியிருந்தாள். எத்தனை பேர் என்றாள், ஏழு என்றேன். ஏழு பேருக்கு ஒரே மேஜை இல்லை என்றாள். நான்கு பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். நடுவில் மூங்கில் சட்டத்தில் காகிதம் ஒட்டிய தடுப்பு. அதை எடுத்துவிட்டு மேஜைகளைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, தரையோடு ஸ்க்ரூ போட்டிருக்கிறது அக்கா என்றாள்.

மெயின்டெனன்ஸில் இருக்கிறவன் ஸ்க்ரூவைப் பார்த்தால் சும்மா இருப்பானா? சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மண்டியிட்டான். நான்கு ஸ்க்ரூவும் துருப்பிடித்திருந்தன. சாவிதான் வளைந்தது. வேறு வழியில்லாமல் அவர்கள் நான்கு பேர் அந்தப் பக்கமும் நாங்கள் இந்தப் பக்கமும் உட்கார்ந்தோம். இரண்டு குடும்பத்தையும் ஒன்றாக உட்காரவைக்க நான் இத்தனை பாடுபட்டால், எங்கிருந்தோ வந்த ஒரு ஜப்பான் தடுப்பு ஊரையும் காலனியையும் மறுபடி பிரித்து வைத்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அம்மா காகிதத்தில் தெரிந்த நிழலில் அவன் அம்மா எது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு தடுப்பு வழியாகவே நடந்தது. மாமன் அந்தப் பக்கத்திலிருந்து என் சம்பளப் பிடித்தம், பி.எஃப். எல்லாம் விசாரித்தார். என் அப்பா இந்தப் பக்கத்திலிருந்து காகிதத்தைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். தலையாட்டியது அங்கே தெரியாததால் மாமன் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டார்.

பிறகு தட்டுகள் வந்தன. நீளமான கறுப்புத் தட்டில் வரிசையாக எட்டு உருண்டை. ஒவ்வொன்றும் அடியில் வெள்ளையாக, கட்டை விரல் அளவுக்கு. நான் குனிந்து பார்த்தேன். அடியில் இருந்தது சோறு. எல்லா உருண்டையிலும் சோறு. மேலேதான் பச்சை மீன் எதுவும் இல்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமனின் குரல் கேட்டது.

"இன்னாமா இது? சோறா?"

"சோறுதாண்ணா," என்றாள் ஊத்துக்கோட்டைப் பெண். "ஆனா ஆறிப்போன சோறு."

மாமனுக்கு இது பெரிய சட்டச் சிக்கல். ஆறின சோறு சோறில் சேர்த்தியா என்று அவர் தன் அக்காவோடு விவாதித்தார். பழைய சோறு என்றால் அது காலை ஆகாரம், மதியச் சாப்பாடாகாது என்றார். இதில் தண்ணீர் ஊற்றவில்லையே, அப்புறம் எப்படிப் பழைய சோறாகும் என்று அவரே மறுத்தார். கடைசியில் மேலே இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிடலாம், கீழே இருப்பதைத் தொடக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. மேலே என்ன இருந்தது என்றால், நான்கில் வெள்ளரிக்காய், இரண்டில் ஆறின ஆம்லெட், ஒன்றில் ரோஸ் கலர் ரப்பர் மாதிரி ஏதோ ஒன்று, ஒன்றில் வறுத்த வஞ்சிரம், அதுவும் நகம் அளவு. பச்சை மீன் எங்கே என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மீன் வண்டி வராது, பெரிய மாஸ்டருக்கும் லீவு, இன்று ஃப்ரைடு ரைஸ் மாஸ்டர்தான் இருக்கிறார் என்றாள் அவள், கொஞ்சம்கூட வருத்தமில்லாமல்.

எங்கள் யாருக்கும் குச்சி பிடிக்கத் தெரியாது. அப்பா இரண்டு குச்சியையும் இரண்டு கையில் பிடித்து, ஆலையில் காய்ச்சிய கம்பியைத் தூக்குவது போல் ஒரு உருண்டையைத் தூக்கினார். அது பாதி வழியில் உடைந்து பேன்ட்டில் விழுந்தது. தட்டின் மூலையில் பச்சை நிறத்தில் தனியாக ஒரு சின்ன உருண்டை இருந்தது, வசாபியாம். அதைத் தொட்டால் தலைக்கு ஏறும், கண்ணில் தண்ணீர் கொட்டும் என்று ஏழு பேருமே கேள்விப்பட்டிருந்தோம். யாரும் கிட்டே போகவில்லை. கடைசியில் தான் நாக்கில் தடவிப் பார்ப்பதாக மாமன் துணிந்து அறிவித்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏமாற்றத்தோடு அவர் குரல் வந்தது. புதினாச் சட்னியாம், உப்புகூடப் பத்தவில்லையாம்.

சந்தோஷமாக இருந்தது ஒரே ஒருவர்தான், அவன் அப்பா. அவர் சோற்றைத் தொடக் கூடாது என்பதை மறந்து ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தாராம். மோந்தாராம். மாஸ்டரைக் கூப்பிடச் சொன்னார். வந்தவரிடம், இது குண்டு ரகம், இட்லிக்குப் போடுகிற அரிசி, ஆமாவா இல்லையா என்று கேட்டார். ஜப்பான் அரிசி கிடைக்காததால் அதைக் கொஞ்சம் குழைய வடித்து வினிகர் ஊற்றுவதாக மாஸ்டர் ஒப்புக்கொண்டார். அதே ரகம்தான் என் நிலத்தில் மூன்று வருடமாகப் போடுகிறேன், வியாபாரி விலை ஏற்ற மாட்டேன் என்கிறான், இங்கே பார்த்தால் ஜப்பான்காரனே சாப்பிடுகிறான் என்று அவர் பூரித்துப் போனார். ஜப்பான்காரன் ஒருவனும் அங்கே இல்லை என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

அவன் அம்மா அந்தப் பக்கம் எதையாவது வாயில் போட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. கை கழுவப் போகும்போது எட்டிப் பார்த்தேன். அவர் தட்டில் எட்டு உருண்டையும் கலையாமல் இருந்தன. அம்மாவும் பார்த்தாள். அவள் முகம் வடைத் தட்டை மூடிய அன்று இருந்த மாதிரி ஆனது. நான்கு வருடம் முடிந்துபோனது என்று எனக்கு அந்தக் கைகழுவும் தொட்டி முன்னால் உறுதியாகத் தெரிந்தது. முகம் கழுவுகிற மாதிரி அழுதேன்.

படி இறங்கி எல்லோரும் நின்றோம். வயிறு நிறைந்துவிட்டது என்றார் மாமன். எங்களுக்கும் ரொம்பத் திருப்தி என்றார் அப்பா. நல்ல இடம் என்று இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். பதில் பிறகு சொல்வதாக மாமன் சொன்னார். அவன் என்னைப் பார்க்காமல் வளைந்த சாவியைப் பார்த்துக்கொண்டு காரில் ஏறினான். நாங்கள் ஷேர் ஆட்டோ பிடித்தோம்.

கவரைப்பேட்டைத் திருப்பத்தில் இறங்கியதும் அப்பா நின்றுவிட்டார். தனக்குப் பசி தாங்கவில்லை, இதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது, எதிரில் பிரியாணிக் கடை இருக்கிறது என்றார். அம்மா வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. அவளும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உள்ளே நுழைந்தோம். மூன்று மணி ஆகியும் கூட்டம் குறையவில்லை. அண்டாவின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. கல்லாவில் இருந்தவர், அந்த ஓரத்து மேஜையில் மூன்று பேர் உட்காரலாம் என்று கையைக் காட்டினார்.

அந்த ஓரத்து மேஜையில் அவர்கள் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர் முன்னாலும் பிரியாணி.

மாமன் கையில் எலும்போடு எங்களைப் பார்த்தார். தண்ணீர் குடிக்கத்தான் நிறுத்தினோம் என்றார். நாங்களும் அதற்குத்தான் வந்தோம் என்றார் என் அப்பா. அதற்குள் சர்வர் யாரையும் கேட்காமல் மூன்று தட்டுப் பிரியாணியைக் கொண்டுவந்து அந்த மேஜையில் வைத்துவிட்டான். அம்மா நின்றுகொண்டே இருந்தாள். அப்போது அவன் அம்மா பெஞ்சிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒக்காருங்க. நின்னுக்கினேவா துன்னுவீங்க?"

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வாய் உள்ளே போனதும் அவன் அம்மாதான், பச்சை மீன் என்று பயமுறுத்திவிட்டு வெள்ளரிக்காயை வைத்தார்களே என்று ஆரம்பித்தார். அந்த ரோஸ் கலர் ரப்பரைத் தான் முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கைக்குட்டையில் சுருட்டி வைத்திருப்பதாக என் அம்மா சொன்னாள். அவன் அம்மாவுக்குச் சிரிப்பில் புரை ஏறியது. இரண்டு பேரும் அந்தக் கடையைக் கேலி செய்து ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். கதவில் கத்தினார்களே, அதிலிருந்து ஒன்றையும் விடவில்லை. நான் தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன். ஏதாவது பேசினால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

நடுவில் அவன் அம்மா எட்டி, என் அம்மாவின் தட்டைப் பார்த்தார். முட்டை எங்கே என்று சர்வரைக் கேட்டார். முட்டை தீர்ந்துபோச்சு என்றான். அவர் தன் முட்டையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அம்மாவின் தட்டில் வைத்தார்.

எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. கொடுப்பது அவர்களுக்குப் பழக்கம். களத்தில் நின்று எங்கள் தாத்தாவுக்கு அளந்து போட்டவர்கள்தானே. அம்மாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். அவள் அந்த முட்டையைத் தொடவில்லை. தன் தட்டில், தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த பக்கத்திலேயே, பெரிய கறித் துண்டு ஒன்றைப் பிரித்தாள். அதே கையால் எடுத்து அவன் அம்மாவின் தட்டில், சோற்றுக்கு மேலே வைத்தாள்.

மாமன் மெல்லுவதை நிறுத்தினார். அவன் மின்விசிறியைப் பார்த்தான். எங்கள் கம்பெனி லைனில் ஒரு பாகத்தைக் கையில் எடுத்தால் ஆறு விநாடிக்குள் ஓகேயா ரிஜெக்ட்டா என்று சொல்லிவிட வேண்டும். அவன் அம்மா அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது அதைவிட அதிக நேரம். அம்மாவோ கையை எடுத்துக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்தபடி காத்திருந்தாள். நான் இயேசுவையும் அவர்கள் அம்மனையும் சேர்த்தே கும்பிட்டேன்.

அவர் கறியைச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார்.

"அக்கா," என்றார் மாமன் மெதுவாக. "பேச்சு இன்னும் முடியலியேக்கா."

"அதான் துன்னுட்டனே," என்றார் அவர். "இனிமே இன்னா பேச்சு?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தட்டில் இருந்த அரை முட்டையை எடுத்துச் சாப்பிட்டாள்.